சாவியை உருவினாலும் நிற்காத பென்ஸ்

வண்டியை வாங்கி வீட்டுக்கு ஓட்டிவந்த அன்று வாசலில் நிறுத்திச் சாவியைத் திருப்பினேன். உருவிக் கையிலும் எடுத்துவிட்டேன், எஞ்சின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வண்டி மட்டுமே ஓட்டியவர்களுக்கு இது பேய் பிடித்த மாதிரி இருக்கும், டீசல் தெரிந்தவர்களுக்கு எங்கோ ஒரு ரப்பர் போய்விட்டது என்று உடனே புரிந்துவிடும். அந்த ரப்பரைத் தேடி நான்கு சனிக்கிழமைகள் செலவழித்த கதைதான் இது. இதே வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் செய்ததை எல்லாம் வரிசையாக எழுதுகிறேன். நடுவில் இந்தக் கம்பெனியின் பழங்கதையும் வரும், அதை விட்டுவிட்டு இந்த வண்டியைப் பற்றிப் பேச என்னால் முடியாது.

வண்டி 1982 மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் 240 டி. டபிள்யூ 123 என்ற வரிசையைச் சேர்ந்தது, நாலு கியர், கையால் மாற்றுவது. மீட்டரில் 3,87,000 கிலோமீட்டர். நிறம் வெளிர் தந்தம். ஜெர்மனியில் 1971 முதல் டாக்சிகளுக்கு இந்த நிறம்தான் என்று சட்டம் இருந்ததால், இந்த ஊரில் யாரிடம் காட்டினாலும் முதலில் டாக்சி என்றுதான் சொல்வார்கள். உண்மையும் அதுதான், முதல் நான்கு வருடம் ராய்ட்லிங்கன் ஊரில் டாக்சியாக ஓடியிருக்கிறது. அப்புறம் சுவேபிய மலைப்பக்கத்து விவசாயி ஒருவர் 1986-இல் வாங்கி, போன வருடம் வரை வைத்திருந்தார். அவரிடமிருந்து எனக்கு வந்தது. விற்கும்போதே அவர் ஏதோ சொன்னார், அந்த மலைப்பேச்சு எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. எஞ்சின் நிற்காமல் ஓடியபோதுதான் அது விளங்கியது: "நிறுத்தும்போது கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டுவிடு." பல வருடமாக அவர் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறார். பானெட்டைத் திறந்தால் எஞ்சின் மேலேயே ஸ்டாப் என்று எழுதிய ஒரு லீவர் இருக்கிறது. அதை அழுத்தினேன், நின்றது. முதல் நாள் கதை அவ்வளவுதான்.

ஏன் இந்த வண்டி என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் ஊர் சங்ககிரி. லாரித் தொழிலில் பிழைக்கிற ஊர். தாத்தா செகண்ட்ஹேண்டில் வாங்கிய லாரியின் முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. டாடா கம்பெனி 1954-இல் டைம்லர் பென்ஸோடு பதினைந்து வருட ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தது. 1969-இல் ஒப்பந்தம் முடிந்து நட்சத்திரம் போனது, ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் வாயிலிருந்து பென்ஸ் போகவில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோதும் பென்ஸ் லாரி என்றுதான் சொன்னார்கள். அதனால் பென்ஸ் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது நடிகர்கள் இறங்கும் கார் இல்லை. சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறுகிற வண்டி, டீசல் வாடை, கிளீனராக இருந்த என் அப்பாவின் கரிப் பிடித்த விரல் நகம், இதெல்லாம்தான். இங்கே ஸ்டுட்கார்ட் பக்கத்து எஸ்லிங்கனில் வேலைக்கு வந்து, பழைய டாக்சிக்காரர்களும் விவசாயிகளும் இந்த 240 டியைப் பற்றிப் பேசுவதைக் கேட்டபோது அதே தொனி இருந்தது. அவர்களுக்கும் இது உழைக்கிற வண்டிதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தினால் வரும் சூட்டில் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது, இந்த எஞ்சினில் அழுத்த விகிதம் 21-க்கு 1. அதனால் கரண்டைத் துண்டித்து நிறுத்துகிற வேலை இங்கே செல்லாது, டீசல் வருவதை நிறுத்தினால்தான் நிற்கும். இதே காலத்து வேறு பல வண்டிகளில் மின்சார வால்வு ஒன்று அந்த வேலையைச் செய்யும். பென்ஸ்காரர்கள் காற்றை நம்பினார்கள். எஞ்சினின் முன்பக்கத்தில் ஒரு வேக்கம் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும், அதாவது காற்றை உறிஞ்சுகிற பம்ப். அந்த உறிஞ்சலின் பெரும்பங்கு, பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகிறது. மெல்லிய குழாய் ஒன்று சாவித் துவாரத்தின் பின்னால் இருக்கும் சின்ன வால்வுக்கு வருகிறது, சாவியைத் திருப்பினால் அது திறந்து உறிஞ்சலை டீசல் பம்ப்பின் பின்னால் உள்ள ஒரு டயஃப்ரத்துக்கு, அதாவது உறிஞ்சினால் அசைகிற ரப்பர் தாளுக்கு அனுப்பும், அது லீவரை இழுத்து டீசலை அடைத்துவிடும். இன்னொரு மெல்லிய குழாய் நான்கு கதவுகளின் பூட்டு, டிக்கி, டீசல் டேங்க் மூடி எல்லாவற்றுக்கும் போகிறது. ஆமாம், சென்ட்ரல் லாக்கும் இதே காற்றில்தான் வேலை செய்கிறது, ஒயரே கிடையாது. டிரைவர் கதவைப் பூட்டினால் மற்றவை மெதுவாக, ஒரு பெருமூச்சுச் சத்தத்தோடு ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்ளும். முதல் தடவை கேட்டபோது நின்று மறுபடியும் கேட்டேன்.

ஆக, எங்கோ ஒரு இடத்தில் காற்று கசிந்தால் எஞ்சினை நிறுத்தும் அளவுக்கு உறிஞ்சல் மிஞ்சாது. பின் கதவின் பூட்டு பழுதானால் எஞ்சின் நிற்காது. விளங்காதவர்களுக்கு இது விநோதமாகப் படும், விளங்கியவர்களுக்கு வேலை பாதி முடிந்த மாதிரி.

முதல் சனிக்கிழமை. இங்கே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பட்டறைகள் உண்டு, தூக்கி வைக்கும் லிஃப்ட்டோடு கிடைக்கும். ஆனால் இந்த வேலைக்கு லிஃப்ட் தேவையில்லை, என் கராஜிலேயே செய்தேன். வாங்கவேண்டிய கருவி ஒன்றுதான்: கையால் அமுக்கும் வேக்கம் பம்ப், மேலே முள் மீட்டர் இருப்பது. இது இல்லாமல் தேடுவது இருட்டில் ஊசி தேடுவது போல.

டீசல் பம்ப்பின் பின்னால் இருக்கும் டயஃப்ரத்தின் குழாயைக் கழற்றி, என் கைப்பம்ப்பை அதில் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு நாலு முறை அமுக்கினேன். உடனே நின்றது, முள்ளும் இறங்காமல் நின்றது. அப்படியானால் நிறுத்துகிற உறுப்பு நன்றாக இருக்கிறது. இந்தக் குழாயைக் கழற்றும்போது உள்ளே ஆயில் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்த டயஃப்ரம் கிழிந்து எஞ்சின் ஆயிலை உறிஞ்சுகிறது என்று அர்த்தம், எனக்கு உலர்ந்தே இருந்தது. அப்புறம் வேக்கம் பம்ப்பிலிருந்து வரும் பெரிய ஓஸில் மீட்டரை மாட்டி மற்ற எல்லாக் கிளைகளையும் அடைத்தேன். முள் 0.8 பார் வரை போனது. பம்ப்பும் நன்றாக இருக்கிறது. கிளைகளைத் திரும்ப மாட்டினேன், 0.3-க்கு மேல் ஏறவே இல்லை. கதவுகளுக்குப் போகும் மஞ்சள் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு திருகை வைத்து அடைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். டக்கென்று நின்றது. பெரிய காரணம் கதவுப் பக்கம்தான்.

இந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். மஞ்சள் குழாயை அடைத்துவிட்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், சென்ட்ரல் லாக் மட்டும் வேலை செய்யாது, எஞ்சின் ஒழுங்காக நிற்கும். அவசரத்துக்குச் சரி. ஆனால் அந்தக் கதவுகள் பெருமூச்சு விட்டுப் பூட்டுவதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அன்று இரவு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். எழுபது வயதைத் தாண்டியவர், லாரியை விட்டுப் பல வருடம் ஆகிறது. போனைப் பானெட்டுக்குள் நீட்டிக் காட்டச் சொன்னார். "காத்துப் புடிக்குதுன்னா எங்கியோ ரப்பரு போயிருக்குது கண்ணு. சோப்புத் தண்ணிய ஊத்திப் பாரு, கொப்புளம் வரும்" என்றார். ஏர் பிரேக் லாரியில் அது கைகண்ட வழி. இங்கே செல்லாது, ஏனென்றால் இது வெளியே ஊதுகிற காற்று இல்லை, உள்ளே இழுக்கிற காற்று. சோப்புத் தண்ணீர் ஊற்றினால் அதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இதைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப ஒரு ஓஸ எடுத்துக் காதுல வெச்சுக் கேளு, இழுக்கற சத்தம் உஸ்ஸுனு வரும்" என்றார். அது வேலை செய்தது. ஒரு மீட்டர் ரப்பர் ஓஸின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைக் கதவு கதவாக நகர்த்தினேன், வலது பின்கதவின் அடிப்பக்கம் வந்ததும் உஸ்ஸென்ற சத்தம் தெளிவாகக் கேட்டது.

இரண்டாவது சனிக்கிழமை கார்பெட்டைத் தூக்கி, குழாய்கள் பிரியும் ரப்பர் இணைப்புகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு கதவுக் குழாயிலும் தனித்தனியாகக் கைப்பம்ப்பை மாட்டினேன். ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு குழாய் வரும், சிவப்புக் கோடு போட்டது ஒன்று, பச்சைக் கோடு போட்டது ஒன்று. ஒன்று பூட்டுவதற்கு, மற்றது திறப்பதற்கு. இரண்டையும் சோதிக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருந்தால் கதவு பூட்டிய நிலையில் எஞ்சின் நிற்கும், திறந்த நிலையில் நிற்காது, குழப்பிவிடும். எனக்கு முன் பயணிக் கதவு, டிக்கி, டேங்க் மூடி மூன்றும் முள்ளைப் பிடித்து நிறுத்தின. வலது பின்கதவில் ஒரு பக்கம் முள் ஏறவே இல்லை. இடது பின்கதவில் ஏறி, மெதுவாக இறங்கியது.

கதவின் உள்பலகையைக் கழற்றுவதில்தான் நேரம் போனது. பூட்டுக் குமிழைச் சுற்றிக் கழற்றி, கண்ணாடி ஏற்றும் கைப்பிடியின் மூடியை மெல்ல நெம்பி, கைத்தாங்கியின் திருகுகளை எடுத்து, கீழிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்து, கடைசியில் பலகையை மேல்நோக்கித் தூக்க வேண்டும். நேராக இழுத்தால் உடையும். நாற்பது வருடத்துக் கிளிப் என்பதால் நான்கு உடைந்தன, முன்கூட்டியே பத்து வாங்கி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. பலகைக்குப் பின்னால் ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அதைக் கிழிக்காமல் ஒரு பக்கமாக உரித்து மடக்கி வையுங்கள். அது கிழிந்தால் மழைத் தண்ணீர் பலகையை ஊறவைத்துவிடும்.

உள்ளே கதவின் அடியில் கைப்பிடி அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, இரண்டு திருகில் நிற்கிறது. பிரித்துப் பார்த்தேன். நடுவில் இருந்த ரப்பர் தாள் மடிப்பு ஓரத்தில் நகம் அளவுக்கு விட்டிருந்தது. இதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். எந்த ரப்பர் நாற்பது வருடம் தாங்கும்? இடது கதவில் டப்பா நன்றாக இருந்தது, குழாய் சேரும் ரப்பர் முழங்கை மட்டும் கல்லாக இறுகியிருந்தது. வலதுக்குப் புது டப்பா, இடதுக்குப் புது முழங்கை, கையோடு கண்ணில் பட்ட எல்லா ரப்பர் இணைப்புகளையும் மாற்றிவிட்டேன். உதிரி கிடைப்பதில் கஷ்டமே இல்லை, பழைய வண்டிகளுக்கென்றே கம்பெனி 1993 முதல் பக்கத்து ஊர் ஃபெல்பாக்கில் ஒரு மையம் வைத்திருக்கிறது, இந்த வரிசைக்கு இன்றும் பெரும்பாலான சாமான் கிடைக்கிறது.

மாட்டி முடித்து டிரைவர் கதவைப் பூட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று பின்னால் பூட்டுகள் இறங்கின. சாவியைத் திருப்பினால் எஞ்சின் நின்றது, ஆனால் நாலு விநாடி கழித்து. அது போதாது. இன்னும் ஒரு சின்னக் கசிவு மிச்சம் இருந்தது, அது சாவித் துவாரத்தின் பின்னால் உள்ள வால்வில் பழுப்புக் குழாய் சேரும் இடம். டேஷ்போர்டின் கீழே மல்லாக்கப் படுத்துக் கையை விட்டு அந்த ஒரு விரல் நீள ரப்பரை மாற்றுவதற்கு ஒரு மணி நேரம். அப்புறம் சாவி திரும்புவதற்கும் எஞ்சின் நிற்பதற்கும் நடுவில் மூச்சு விடக்கூட நேரம் இல்லை.

மூன்றாவது சனிக்கிழமை வேலை செய்யவில்லை, மழை. ஸ்டுட்கார்ட்டின் கான்ஸ்டாட் பகுதியில் உள்ள பூங்காவுக்குப் போனேன். அங்கே காட்லீப் டைம்லர் வீட்டுத் தோட்டத்துக் கண்ணாடிக் கூடம் இன்னும் இருக்கிறது. அவரும் அவர் கூட்டாளி வில்ஹெல்ம் மைபாக்கும் அதற்குள் அடைந்துகொண்டு இரவும் பகலும் தட்டிக்கொண்டிருந்ததால், கள்ளக்காசு அடிக்கிறார்களோ என்று தோட்டக்காரர் போலீசைக் கூட்டிவந்தாராம், இங்கே எல்லோரும் சொல்லும் கதை. அந்தக் கூடத்தில்தான் அதிவேகச் சின்ன எஞ்சின் உருவானது. அதே நேரத்தில் மான்ஹைமில் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்கு 1886 ஜனவரி 29-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு ஊருக்கும் நடுவில் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். இருவரின் கம்பெனிகளும் ஒன்றாகி டைம்லர் பென்ஸ் ஆனது 1926-இல், அப்போது டைம்லர் உயிரோடு இல்லை. மெர்சிடிஸ் என்ற பெயர் இந்த இருவரில் யாருடையதும் இல்லை, எமில் யெலினெக் என்ற வியாபாரி கார் வாங்கி விற்கும்போது தன் மகளின் பெயரை வைத்தார், அதுவே நிலைத்தது.

இந்த வரலாற்றைப் பேசும்போது நடுவில் ஒரு பகுதியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை. நாஜி ஆட்சியில் இந்தக் கம்பெனி போருக்கு எஞ்சின் செய்தது, 1944-இல் அதன் தொழிலாளர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்டவர்கள், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள். பின்னாளில் கம்பெனியே அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. நட்சத்திரத்தைத் துடைக்கும்போது அதுவும் நினைவில் வருகிறது, வரத்தான் வேண்டும்.

நான்காவது சனிக்கிழமை: பானெட் திறந்துதான் இருக்கிறது, செய்யாமல் விட்ட மற்ற வேலைகளையும் முடித்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில், டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்கு நடுவே ஓடி, மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஓஸ். 3.2 மில்லிமீட்டர் உள்விட்டம், துணி போர்த்திய ரப்பர். எஞ்சின் தலையில் டீசல் ஈரமாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஒரு மீட்டர் வாங்கி வெட்டி மாட்டினால் கால் மணி நேர வேலை. கிளிப் வேண்டாம், அழுத்திச் சொருகினால் நிற்கும்.

அடுத்தது டீசல் ஃபில்டர். கண்ணாடி மாதிரி தெரியும் சின்ன ஃபில்டர் ஒன்று, பெரிய ஃபில்டர் ஒன்று. சின்னதைக் கழற்றினால் உள்ளே கறுப்பாகப் பாசி போல ஒரு படிவு. டேங்கின் அடியில் வடிகட்டி ஒன்று இருக்கிறது, அதுவும் அடைத்திருக்கும் என்று தெரிந்தது, டேங்கைக் காலி செய்து அதையும் கழுவினேன். பெர்த்தா பென்ஸ் நினைவுக்கு வந்தார். 1888 ஆகஸ்டில், கணவருக்குச் சொல்லாமல் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார், வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார், பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். கார் என்ற பொருளை உலகம் நம்பியது அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் என்பார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது வேறு: இந்த வண்டியை முதன்முதலில் நெடுந்தூரம் ஓட்டிய மனிதரே வழியில் தன் கையால் பழுது பார்த்தவரும்.

ஃபில்டர் மாற்றியபின் ஏர் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். டீசல் பம்ப்பில் கையால் குத்தும் சின்ன பம்ப் இருக்கிறது, அதன் தலையைச் சுற்றித் தளர்த்தி இறுக்கம் தெரியும் வரை குத்தினேன். பிறகு ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் தடுமாறிப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக டேப்பெட். இந்த எஞ்சினில் வால்வு இடைவெளி தானாகச் சரியாகாது, கையால்தான் வைக்க வேண்டும், இருபதாயிரம் கிலோமீட்டர் சுமாருக்கு ஒரு தடவை. தவறவிட்டால் வெளிப்போக்கு வால்வு இறுகிக்கொண்டே வந்து அழுத்தம் குறைந்து, குளிர்காலத்தில் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும். பலர் அப்போது, ஸ்டார்ட் செய்யுமுன் எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கை மாற்றிக் காசைக் கரைப்பார்கள். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த நிலையில் உள்வால்வு 0.10 மில்லிமீட்டர், வெளிவால்வு 0.30. எது எது என்பது எதிரே இருக்கும் குழாயைப் பார்த்தால் தெரிந்துவிடும். 14 மில்லிமீட்டர் ஸ்பேனர் இரண்டு வேண்டும், வளைந்த மெல்லிய கழுத்து உள்ளது, சாதா ஸ்பேனர் உள்ளே போகாது. ஒன்று மேல் நட்டைத் திருப்ப, மற்றது கீழ் லாக் நட்டைப் பிடிக்க. ஸ்பிரிங் தலை கூடவே சுற்றினால் அதைப் பிடிக்க மூன்றாவது கருவியும் வேண்டும். எஞ்சினை 27 மில்லிமீட்டர் சாக்கெட் போட்டு முன்பக்கத்து போல்ட்டில் சுற்றுங்கள், முன்னோக்கி மட்டும், பின்னோக்கி ஒருபோதும் சுற்றாதீர்கள். வால்வை அமுக்கும் கேமின் மூக்கு மேல்நோக்கி நிற்கும்போது, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்தால் லேசாகப் பிடித்து இழுபட வேண்டும், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போகவும் கூடாது, முரண்டு பிடிக்கவும் கூடாது. எட்டில் மூன்று வெளிவால்வுகள் 0.15-க்கு இறங்கியிருந்தன. சரிசெய்து மூடியபின் எஞ்சின் சத்தமே மாறியது, முன்பு கேட்ட ஒழுங்கில்லாத தட்டல் போய் ஒரே சீராக வந்தது. அப்பாவுக்குப் போனில் கேட்க வைத்தேன். "இப்பத்தான் பென்ஸு சத்தம்" என்றார்.

அவர் சொன்னதில் வெறும் பாசம் மட்டும் இல்லை. டீசல் நேராக சிலிண்டருக்குள் போகாமல் தலையில் உள்ள ஒரு சின்ன அறைக்குள் முதலில் பற்றி, அங்கிருந்து வெளியே பாயும் முறையை 1909-இல் மான்ஹைமின் பென்ஸ் கம்பெனியில் காப்புரிமை செய்தவர் ப்ராஸ்பர் லோரான்ஜ். தாத்தாவின் லாரியிலும் அந்த முன்னறை எஞ்சின்தான், என் 240 டியிலும் அதுதான். டீசல் எஞ்சினை வரிசை உற்பத்தியில் முதன்முதல் காருக்குள் வைத்ததும் இவர்களே, 1936-இல் வந்த 260 டி. பெர்லின் டாக்சிக்காரர்கள்தான் முதலில் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

இனி ஓட்டிய அனுபவம். வேகம் எதிர்பார்க்காதீர்கள். 2.4 லிட்டர், 72 குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகம் தொட இருபது விநாடிக்கு மேல் ஆகும். எஸ்லிங்கனிலிருந்து மலைமேல் ஏறும் சாலையில் மூன்றாவது கியரில் அறுபதில் போவேன், பின்னால் வருபவர்கள் பொறுமை இழப்பார்கள், இடம் கிடைத்தால் ஒதுங்கி வழி விடுவேன். ஆனால் எண்பது தொண்ணூறில் சமதளத்தில் போகும்போது இந்த வண்டிக்கு இணை எனக்குத் தெரியவில்லை. ஸ்பிரிங்கும் ரப்பர் பூசிய குதிரை முடியும் வைத்துச் செய்த இருக்கை, நாலு மணி நேரம் ஓட்டி இறங்கினாலும் முதுகு வலிக்கவில்லை. ஸ்டியரிங் நடுவில் கொஞ்சம் தளர்வு, அதற்குப் பழக ஒரு வாரம் ஆகும். ஆயில் பிரஷர் முள் 3-இல் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும், சூடாகி நிற்கும்போது மட்டும் இறங்கும், அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். எனக்கு நூறு கிலோமீட்டருக்கு எட்டரை லிட்டர் குடிக்கிறது.

1976 ஜனவரியில் இந்த வரிசை வெளிவந்தபோது புது வண்டிக்கு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள், ஓட்டிய வண்டியே புது விலைக்குப் போயிற்று. பத்து வருடத்தில் ஏறத்தாழ 27 லட்சம் செய்தார்கள். இதன் ஸ்டியரிங் தண்டு மோதலில் டிரைவர் நெஞ்சைக் குத்தாமல் மடங்கும், அந்த யோசனை பேலா பாரெனி என்ற பொறியாளருடையது, முன்பக்கம் நசுங்கி ஆளைக் காப்பாற்றும் அமைப்பும் அவருடையதே. இதற்கு முந்தைய வரிசை 240 டி ஒன்றை கிரேக்க டாக்சி ஓட்டுநர் கிரிகோரியோஸ் சாக்கினிதிஸ் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, 2004-இல் கம்பெனியின் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அது இப்போது ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறது. என் வண்டியின் 3,87,000 அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஒரே எதிரி துரு. வாங்க நினைப்பவர்கள் எஞ்சினைக் கேட்பதற்கு முன்னால் ஜாக்கி வைக்கும் நான்கு குழாய்களைக் கத்தியால் குத்திப் பாருங்கள், பின்கண்ணாடியின் கீழ் ஓரம், ஸ்டெப்னி வைக்கும் குழி, முன் மட்கார்டு, சன்ரூஃப் இருந்தால் அதன் ஓரம். எஞ்சினை ஒருவர் தனியாக உட்கார்ந்து சரிசெய்துவிடலாம், துருவுக்கு வெல்டிங்காரர் வேண்டும். என் வண்டியில் இடது முன் ஜாக்கிக் குழாய் போயிருந்தது, அதற்கு மட்டும் ஆளிடம் கொடுத்தேன். அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் தகுதிச் சோதனையில் தேறியது.

முப்பது வயது தாண்டி, பழைய நிலை கெடாமல் இருப்பதால் நம்பர் பலகையின் கடைசியில், பாதுகாக்க வேண்டிய பழைய வண்டி என்பதைக் குறிக்கும் ஹெச் எழுத்து கிடைத்தது. அது இருந்தால் ஆண்டு வரி 191 யூரோ சொச்சம்தான், ஸ்டுட்கார்ட்டில் 2019 முதல் உள்ள பழைய டீசல் தடையும் இதற்குப் பொருந்தாது. புகை விடத்தான் செய்கிறது, அதனால் நகருக்குள் தினம் ஓட்டுவதில்லை, ரயிலில்தான் வேலைக்குப் போகிறேன்.

அந்த விவசாயிக்கு வால்வு சரிசெய்த பிறகு போன் செய்து சொன்னேன். எந்த ரப்பர் என்று கேட்டார், வலது பின்கதவு என்றேன். அந்தக் கதவை அவர் மனைவி மட்டும்தான் திறப்பாராம், முட்டைக் கூடையை வைக்க.

அடுத்து, எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் ரப்பர் வட்டுகள் இரண்டையும் மாற்ற வேண்டும், முன்னதில் மயிரிழை வெடிப்பு தெரிகிறது. அதற்கு லிஃப்ட் தேவை, ஏப்ரலில் நாள் பதிந்திருக்கிறேன். மிஞ்சிய ரிட்டர்ன் ஓஸ் ஒரு முழம் இருக்கும், சுருட்டி டிக்கியில் ஸ்பேனர் பையோடு வைத்தாயிற்று.